விரலை எடுத்தாலும் ஓடுகிற கேமரா

எதிரே யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அவருடைய வலது கை தானாக மேலே போகும். தோளுக்குக் கொஞ்சம் மேலே, முழங்கை மடங்கி, விரல்கள் ஒரு கம்பை வளைத்துப் பிடித்ததுபோல மூடி நிற்கும். கட்டைவிரல் மட்டும் ஒருமுறை அமுங்கும். அதே சமயம் முகம் இடப்பக்கம் திரும்பி, கண்கள் பாதி மூடிக்கொள்ளும். பேருந்தில் எதிர் இருக்கைப் பெண் கைபேசியை நீட்டித் தன்னையே படமெடுத்தாலும் சரி, பக்கத்துக் கடைத் திறப்பு விழாவில் புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னாலும் சரி, கை எழும்பிவிடும். எழும்பிய பிறகுதான் அவருக்கே தெரியும். அப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொள்வார்.

"என்ன சார், எங்களையெல்லாம் ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்று அந்தப் புகைப்படக்காரர் கேட்டார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு மெதுவாக வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அவரை எல்லோரும் லைட்டு என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவன் மனைவியின் தம்பி. விளையாட்டாக வைத்த பெயர் வீட்டிலிருந்து கடைக்குப் போய், கடையிலிருந்து தெருவுக்குப் போய், கடைசியில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்கூட "லைட்டு இருக்காரா?" என்று கேட்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

மாமனாருக்குப் பெயின்ட் கடை. கல்லாவில் பெரியவர் உட்காருவார். உள்ளே, டின் மூடிகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து, வாடிக்கையாளர் அட்டையில் விரல் வைத்துக் காட்டிய நிறம் வரும்வரை கலக்கிக் கொடுப்பது மாப்பிள்ளையின் வேலை. வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சொல்லுக்குள் இருக்கிற குத்தலைச் சோற்றுக்கல் மாதிரி கடிபடாமல் விழுங்க அவர் பழகியிருந்தார்.

பெரியவருக்குக் கடை ஒரு கண் என்றால் கேமரா இன்னொரு கண். வெளிநாடு போன சிநேகிதர் ஒருவர் போகிறபோது தள்ளிவிட்டுப் போன ஃபிலிம் கேமரா. கைப்பிடியும் விசையும் வைத்து, துப்பாக்கி மாதிரியே இருக்கும். ஒரு சுருள் மூன்று நிமிஷம் ஓடினால் அதிகம். எடுத்த சுருளைத் தபாலில் அனுப்பிக் கழுவி வாங்குவதற்குள் படத்தில் இருந்த குழந்தைக்குப் பல் முளைத்துவிடும். அதனால் பெரியவர் படமெடுக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. "ஃபிலிம் ஓடுது, ஃபிலிம் ஓடுது" என்பார், ரத்தம் ஓடுகிறது என்கிற குரலில்.

வீட்டுக்குள் எடுக்க வேண்டுமானால் அந்த ஃபிலிமுக்கு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் வேண்டும். ஓர் இரும்புக் கம்பு, அதன் தலையில் இரண்டு பெரிய பல்புகள். போட்டால் கூடத்து ஃபேன் சோர்ந்து சுற்றும். கம்பைப் பிடிக்கிறவர் கையில் மயிர் பொசுங்கும். பிடிக்க ஓர் ஆள் வேண்டும், படத்தில் இல்லாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்காத ஆள்.

"மாப்பிள்ளை, நீங்க பிடிங்க. உங்க கைதான் ஆடாது" என்றார் பெரியவர். பாராட்டு மாதிரித்தான் இருந்தது.

பல்பு போனால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். ஆகவே கேமரா ஓடுகிற நேரம் மட்டும்தான் எரியவேண்டும். பெரியவரின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார் மாப்பிள்ளை. விரல் விசையை அமுக்கிப் பிடித்தால் படம் ஓடும். இவர் கட்டைவிரல் கம்பிலிருக்கும் சுவிட்சை அமுக்கும். விரல் விட்டால் படம் நிற்கும், விளக்கும் அணையும். விரல், விளக்கு, விரல், விளக்கு. அந்த வீட்டில் இருந்த வருஷங்களில் அவர் அதிகமாகப் பார்த்தது மனைவியின் முகத்தை அல்ல, மாமனாரின் விரலை.

பிறகு ஒரு மாலை சுருள் கழுவி வரும். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் போர்வை. புரொஜெக்டர் தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். எல்லோரும் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக் கூச்சல் போடுவார்கள். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மைத்துனன் மேஜைமேல் ஏறிக் குதிப்பான். கைக்குழந்தையாக இருந்த மகள் தவழ்ந்து வந்து, நிமிர்ந்து, உடனே கண்களைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாச் சுருளிலும் அப்படித்தான். தவழ்ந்தாலும், நடந்தாலும், பொம்மைக்குத் தலை வாரினாலும், ஒரு கணம் நேராகப் பார்ப்பாள். அடுத்த கணம் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பிவிடுவாள்.

"உம் பொண்ணுக்கு என்னடா, கேமராவைக் கண்டா ஆகல" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள்.

கேமரா எல்லாம் ஒன்றுமில்லை. வெளிச்சம் கூசியது. குழந்தை அந்தப் படங்கள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவிடமிருந்து. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லும்படியான செய்தியாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

மகள் பள்ளியில் சேர்ந்த புதிதில் மனைவி நோயில் விழுந்து, எழாமலே போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியவர் கூப்பிட்டு, "பிள்ளை இங்கேயே வளரட்டும். நீங்க ஒண்டியா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றார். அவர் தலையாட்டினார். மனைவி இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு எங்கே படுக்கை போடுவது என்பது எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. அவரே கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கின் மாடி அறைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கப் போவார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவார். டர்பன்டைன் வாசனை போகவேண்டுமென்று கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டுதான் போவார். அப்படியும் போகாது.

அதற்குப் பிறகு பெரியவர் வீட்டுக்குள் படமெடுப்பதை விட்டுவிட்டார். பேத்தியைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப் போய் எடுத்தார். அங்கே வெயில் இருந்தது. வெயில் இருக்கும் இடத்தில் லைட்டுக்கு என்ன வேலை? கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா?

பெரியவர் போனார். கேமராவும் எங்கோ பரணுக்குப் போனது. மகளுக்குக் கல்யாணமாகி, அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அந்தக் குட்டிக்கு நான்கு முடியப்போகிற சமயத்தில்தான் மைத்துனன் ஒருநாள் கிடங்கு மாடிக்கு ஏறி வந்து, கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்: "அத்தான், கடையை மூடிடலாம்னு இருக்கேன். கட்டடத்தையும் இடிக்கறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள இந்த ரூமைக் காலி பண்ணணும்."

"சரி, தம்பி."

"எங்க போவீங்க?"

"பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ள ஓர் இடம்தான் இருந்தது. அங்கிருந்து அந்த வாரமே போன் வந்தது.

"அப்பா, குட்டிக்குப் பிறந்தநாள். வாங்க. வந்த கையோட கிளம்பிடாதீங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றாள் மகள்.

"என்ன விஷயம்மா?"

"வாங்க. நேர்ல சொல்றேன்."

அந்த விஷயம் என்னவாக இருக்கும் என்று அவர் ஒரு தடவைதான் யோசித்தார். இன்னொரு தடவை யோசித்தால் கெட்டுப்போய்விடும் என்பதுபோல, மேலே நினைக்காமல் பெட்டியில் துணிகளை அடுக்கினார். இரண்டு நாளைக்குப் போகிறவர் கொண்டுபோகிற பெட்டி அல்ல அது. சட்டைகள் எல்லாம், போர்வை, முகச்சவரக் கண்ணாடி, மனைவியின் படம். 'இடம் இருந்தது, வச்சேன்' என்று யாரோ கேட்டதுபோலத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கேமரா வாங்கியதும் அதே நினைப்பில்தான். கையில் ஏதாவது வேலை இருந்தால் அந்த வீட்டில் நிற்பது சுலபம். மொபைல் கடைக்காரன் சோப்புக்கட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தான். முதுகில் நடுவே ஒரே ஒரு சிவப்புப் பட்டன்.

"இருக்கறதுலயே மலிவு இதான் சார். ஆனா வேலைக்குக் குறையில்ல."

"ஃபிலிம்?"

"ஃபிலிம் காலத்துலயேவா இருக்கீங்க? எடுத்துக்கிட்டே இருங்க. பிடிக்கலையா, அழிச்சிட்டு மறுபடி எடுங்க."

"அழிச்சா?"

"போச்சு. சாம்பல்கூட மிஞ்சாது."

"லைட்டு?"

"லைட்டே வேண்டாம் சார் இதுக்கு" என்றான் கடைக்காரன், பெருமையாக.

இந்த வாக்கியம் கொஞ்சம் முன்னாலேயே பிறந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கடைக்காரன் பட்டனை அமுக்கி, தெருவைக் காட்டி, "இவ்வளவுதான் சார்" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். அவரும் இவ்வளவுதானா என்று வாங்கிக்கொண்டார். கேமரா எப்படி ஓடும் என்பது தெரியாதா? பாதி ஆயுள் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு?

மகள் வீடு மூன்றாவது மாடியில். பிறந்தநாளன்று காலையிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மைத்துனனும் வந்திருந்தான். கூடத்து டிவியில் பெரியவரின் பழைய படங்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மகள் சுருள்களை எல்லாம் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றி வைத்திருந்தாள். விருந்தாளிகள் கேக் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் உங்க அம்மாவா? அப்படியே நீதான்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "உங்க அப்பா எதுல வர்றார்?"

மகள் பதில் சொல்வதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "அத்தான் எதுலயும் வரமாட்டார். ஆனா அத்தான் இல்லேன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. ஒரே இருட்டாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். "பாப்பா, இங்க நீ முகத்தைத் திருப்பறே பாரு..."

அழைப்புமணி அடித்தது. "ஒரு நிமிஷம்பா" என்று மகள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது, "டீ போடவாப்பா?" என்று கேட்டாள். அவர் சொல்லவந்ததை விட்டுவிட்டு, போடச் சொன்னார்.

குட்டி கையில் பலூனோடு வந்து, "என்னை எடு தாத்தா" என்றது. கேமராவை எடுத்தார். முதல் முறையாக அவர் கை தோளுக்கு மேலே போகாமல் கண்ணுக்கு நேராக வந்தது. சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். குட்டி பலூனைத் தட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடியது. ஓடி முடித்ததும் விரலை எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் ஏதோ எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. படிக்கிற கண்ணாடி பெட்டியில் இருந்தது. அதுவுமில்லாமல், படமெடுக்கிற நேரத்தில் எண்களைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. விரலைத்தான் பார்ப்பார்.

"மாமா, இந்த சோபாவைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?" என்று மருமகன் கூப்பிட்டார். கேமராவைச் சமையலறை அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனார். சோபாவைத் தள்ளி, நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, பலூன் ஒன்று வெடித்து அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு அவர் திரும்பி வந்தபோது, சமையலறையில் மகளும் மைத்துனனும் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் வந்ததும் பேச்சு நின்றது. இவர் எப்போது எங்கே நுழைந்தாலும் கொஞ்சம் அப்படித்தான் ஆகும். பழகிய விஷயம்.

"கேமராவை இங்க வச்சேனா?" என்றபடி எடுத்தார். எடுத்த கையோடு மகளை நோக்கிப் பட்டனை அமுக்கினார். அவள் நெற்றியில் வியர்வையோடு, கையில் தட்டுகளோடு நின்றாள். கண்ணைச் சுருக்காமல் நேராக அவரைப் பார்த்தாள். சிரித்தாள்கூட.

"என்னை ஏம்பா எடுக்கறீங்க? போய் குட்டிய எடுங்க."

விரலை எடுத்தார். இந்த ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

மாடிப்படியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கத்தியதை எடுத்தார். பிறகு கேக் வந்தது. எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"நீங்களும் வந்து நில்லுங்கப்பா" என்றாள் மகள்.

"யாராவது எடுக்கணும்ல?"

"குடுங்க மாமா, நான் எடுக்கறேன்" என்று மருமகன் கை நீட்டினார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. எனக்குக் கை ஆடாது."

மகள் குட்டியின் கையைக் கத்தியோடு சேர்த்துப் பிடித்தாள். அவர் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி, கேக் வெட்டி, ஊட்டி, மூக்கில் தடவிச் சிரித்து முடியும்வரை துளி ஆட்டம்கூட இல்லாமல் நின்றார். முடிந்ததும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் வீடு அடங்கியது. குட்டி சோபாவில் தூங்கியது. "கேக் வெட்டினதைப் பாக்கணும்பா, டிவில போடலாமா?" என்று மகள் கேட்டாள்.

"நான் ஒருதடவை பாத்துட்டுத் தரேன். நல்லா வந்திருக்கான்னு."

மூலையிலிருந்த சின்ன அறையில் அவர் பெட்டியை வைத்திருந்தார்கள். கதவை ஒருக்களித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் படம் பலூனோடு தொடங்கியது. குட்டி ஓடியது, சத்தத்தோடு. வீட்டுப் படத்தில் சத்தம் வருவதே அவருக்குப் புதிது. குட்டி ஓடி முடித்தது. படம் நிற்கவில்லை. கூடத்துத் தரை வந்தது. அவருடைய சொந்தக் கால்கள், செருப்பில்லாமல், வயசான ஆமைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்புறம் எல்லாம் கிறுகிறுவென்று சுற்றி, ஒரு சர்க்கரை டப்பாவின் விளிம்பில் வந்து அசையாமல் நின்றது.

இந்தக் கேமரா பழையது மாதிரி அல்ல என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதில் ஒருதடவை அமுக்கினால் ஓடும். விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி அமுக்கினால்தான் நிற்கும். பலூனுக்கு அமுக்கியபோது ஓட ஆரம்பித்தது, சமையலறையில் மகளுக்காக அமுக்கியபோது நின்றிருக்கிறது. படிக்கட்டுக்கு ஓடியது, கேக்குக்கு நின்றது. அவர் எடுத்ததாக நினைத்ததில் பாதி இல்லை. எடுக்கவே நினைக்காததெல்லாம் இருந்தது.

சர்க்கரை டப்பாவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குரல்கள் வந்தன. பாத்திரம் வைக்கிற சத்தத்துக்கு நடுவே மைத்துனனின் குரல்.

"கடையை மூடினா அத்தானுக்கு அந்த ரூமும் இல்ல. தெரியும்ல?"

"தெரியும் மாமா." இது மகள்.

"இங்க வச்சுக்கப் போறியா?"

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம்.

"உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு அவர்மேல கோபம்கூட வரல. கோபம் வரணும்னா ஏதாவது இருக்கணும்ல? தாத்தா ஞாபகம் இருக்கு. நீ என்னை சைக்கிள்ல வச்சுத் தள்ளினது ஞாபகம் இருக்கு. இவர்னா, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து நாற்காலில உக்காந்திருப்பார். பெயின்ட் வாசனை அடிக்கும். அவ்வளவுதான். தாத்தாவோட படமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். ஒரு கையாவது தெரியுமான்னு. எதுவும் இல்ல."

"லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படித் தெரியும்?"

"அதை ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு ஒருநாள் வந்து எங்க பக்கத்துல நின்னிருக்கலாம்ல? வந்து ரெண்டு நாளாச்சு. என்ன பேசறதுன்னே தெரியல. டீ போடவா, டீ போடவான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"பாவம்மா அவரு."

"பாவம்தான். பாவம்னு சொல்லி ஒருத்தரை எத்தனை நாள் வீட்டுல வச்சுக்க முடியும், சொல்லு?"

பேச்சு அங்கேயே அறுந்தது. கதவருகே அவருடைய சொந்தக் குரல், எவனோ ஒரு கிழவன் குரல்: "கேமராவை இங்க வச்சேனா?" சர்க்கரை டப்பா சாய்ந்தது. படம் முடிந்தது. மகள் சிரித்தது அதில் இல்லை.

அவர் இன்னொருமுறை போட்டுக் கேட்டார். ஒலியைக் குறைத்துக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, போனில் யாரோ ரகசியம் சொல்வதுபோல. பழைய படங்களில் முகங்கள் இருந்தன, சத்தம் இல்லை. இதில் சத்தம் இருந்தது, முகம் இல்லை. பெரியவரின் கேமராவுக்குக் காது இருந்திருந்தால் அந்த அழகான படங்களில் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். 'நிழல் விழுது மாப்பிள்ளை, தள்ளி நில்லுங்க.' 'ஃபிலிம் ஓடுது.' 'இன்னும் தள்ளி.' ஊமையாக இருந்ததால்தான் அந்தக் குடும்பம் அத்தனை சந்தோஷமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணை என்ன சொல்வது?

பெரியவர் ஒரு துண்டை நீக்கவேண்டுமானால் கத்தரிக்கோலும் பசையுமாக ஒரு மத்தியானம் முழுக்க உட்காருவார். நீக்கிய துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். இதில் கேட்டது ஒரே கேள்வி. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அமுக்கினார். கடைக்காரன் சொன்னதுபோலச் சாம்பல்கூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் மகள் வந்து நின்றாள். "பாத்துட்டீங்களாப்பா?"

"பதிவாகலம்மா."

"கேக் வெட்டினதா?"

"எதுவுமே."

"எதுவுமேவா?"

"எனக்கு இது சரியாத் தெரியல."

அவள் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவர் எடுக்கறேன்னு கேட்டாரே" என்றாள், மெதுவாக. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். விருந்தாளியை யார் திட்டுவார்கள்?

"சரி விடுங்க. அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னு சொன்னேனே..."

"நானும் சொல்லணும்னு இருந்தேன்" என்று அவர் அவசரமாக இடைமறித்தார். வாழ்க்கையில் யார் பேச்சையும் இடைமறித்தவரில்லை. "வெளியூர்ல ஒரு பெயின்ட் டிப்போவுல கூப்பிட்டிருக்காங்க. தங்கறதுக்கு இடமும் தர்றாங்க. இன்னைக்கே கிளம்பினா நல்லது."

மகள் அவரையும் பெட்டியையும் பார்த்தாள். பெட்டி பெரியதாக இருந்தது. நேரே அங்கே போகத்தான் எல்லாவற்றையும் எடுத்துவந்திருக்கிறார் என்று அது சாட்சி சொன்னது.

"எப்போ முடிவு பண்ணீங்க?"

"ரொம்ப நாளாச்சு."

"நீங்க எதையுமே சொல்லமாட்டீங்க, இல்ல? போகும்போதுதான் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ என்னமோ பேசணும்னியே?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "டீ போடவா?"

பொய் சொன்னவர் அதை உண்மையாக்க இரண்டு வாரம் அலைந்தார். பழைய பெயின்ட் கம்பெனி விற்பனையாள் ஒருவரின் சிபாரிசில், தூரத்து ஊர் ஒன்றில் ஒரு டிப்போவில் இரவுக் காவலும் பகலில் நிறக் கலப்பும் என்று வேலை கிடைத்தது. டின்கள் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் தகர அறை. அங்கே யாருக்கும் அவர் லைட்டு இல்லை. "ஏய் பெரிசு" என்று கூப்பிட்டார்கள். மகள் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. குட்டியைப் பார்த்துக்கொள்ள மருமகனின் அம்மா வந்து அந்த மூலை அறையில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். "நல்லதும்மா" என்றார். குட்டியிடம் போனைக் கொடுத்தால், அது "யாரு?" என்று அம்மாவைத்தான் கேட்டது.

அடுத்த வருஷம் ஏதோ வேலையாக அந்த ஊர்ப்பக்கம் வந்த மைத்துனன் டிப்போவைத் தேடிக்கொண்டு வந்தான். தகர அறையைச் சுற்றிப் பார்த்தான். கவிழ்த்துப் போட்ட டின்மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினான். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"உங்களுக்கு என்னதான் அத்தான் பிரச்சனை? அந்தப் பொண்ணு ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருந்துது. நீங்க என்னடான்னா கேக் வாய்ல இருக்கும்போதே பெட்டியத் தூக்கிட்டீங்க."

"எந்த ரூம்?"

"உங்களுக்குன்னுதான். அன்னைக்கு சமையலறையில அவகிட்ட நான் கேட்டேன், இங்க வச்சுக்கப் போறியான்னு. அவளும் மனசுல இருந்ததெல்லாம் கொட்டினா. அதுக்குள்ள நீங்க கேமராவைத் தேடிக்கிட்டு வந்தீங்க. அவளை ஒரு படம் எடுத்துட்டு அந்தப் பக்கம் போனீங்க."

அவர் கையிலிருந்த கலக்குக் குச்சியை டின் விளிம்பில் வழித்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பக்கம் போன பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள் என்று மைத்துனன் சொன்னான். அவள் சொன்னது இதுதான்: "அதனால பாவம்னு கூப்பிடப் போறதில்ல மாமா. குட்டியப் பாத்துக்க ஆள் வேணும்னு சொல்லித்தான் இருக்கச் சொல்லப் போறேன். எனக்குத்தான் இல்ல, அவளுக்காவது இவரை ஞாபகம் இருக்கட்டும்."